மேலே கம்பி, கீழே கேபிள்: மரக்கன்று நடும் முன் செய்ய வேண்டியவை

கையில் இருப்பது முழங்கால் உயரக் கன்று. தலைக்கு மேல் போகும் மின்கம்பியோ எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றுதான் தோன்றும். காலடியில் என்ன ஓடுகிறது என்பதோ கண்ணுக்கே தெரியாது. முதன்முறை மரம் நடுபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கன்றின் உயரத்தைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்கிறோம். அங்கே நிற்கப்போவதோ இருபது வருடம் கழித்து வரும் மரம்.

நான் முதலில் நட்ட நாவல் மரம் இப்படித்தான் போனது. வேலியோரம் இடம் காலியாக இருந்தது. மேலே கம்பி போவதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாறு வருடத்தில் உச்சிக்கிளை கம்பியைத் தொட்டது. லைன்மேன் வந்து தலையை வெட்டினார். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, அடுத்த வருடமே மறுபடி கம்பிக்கு வந்தது. மறுபடி வெட்டு. இப்படி ஏழெட்டு முறை வெட்டுப்பட்டதில் தண்டின் உள்பக்கம் மக்கிவிட்டது. ஒரு காற்று மழையில் பாதி மரம் பிளந்து விழுந்தது. மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். நான்கு மீட்டர் தள்ளி ஒரு சிறிய மரத்தை நட்டிருந்தால் அது இன்றும் நின்றிருக்கும் என்ற வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். கன்று வாங்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: அண்ணாந்து பாருங்கள்

நடப்போகும் இடத்தில் நின்று நாலு பக்கமும் மேலே பாருங்கள். கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உங்கள் இடத்தை எங்கே கடக்கிறது என்று ஒரு தாளில் கோடாக வரையுங்கள். பக்கத்துக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

பல வகைக் கம்பிகளைச் சேர்த்துத் தாங்கும் கம்பங்களில் பொதுவாக ஒரு வரிசை உண்டு. உச்சியில் பீங்கான் மேல் உட்கார்ந்திருப்பவை உயரழுத்தக் கம்பிகள். 11 கிலோவோல்ட் போன்ற அழுத்தத்தில் மின்சாரம் ஓடுபவை. அதற்குக் கீழே வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிகள். எல்லாவற்றுக்கும் கீழே, தடித்த கறுப்புக் கயிறு போலத் தொங்குபவை தொலைபேசி, கேபிள் டிவி, ஃபைபர் கம்பிகள். இந்த அடையாளம் மரத்தை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று யோசிப்பதற்கு உதவும். தொடலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்கு அல்ல. எந்தக் கம்பியையும் மின்சாரம் ஓடுவதாகவே எண்ணுங்கள். சில கம்பிகளின் மேல் கறுப்பு உறை இருக்கும். அது பெரும்பாலும் வெயில் மழைக்குத் தாங்கத்தான். மனிதன் தொட்டால் காப்பாற்றும் உறை என்று நம்ப முடியாது. குருவி உட்கார்ந்திருக்கிறதே என்றால், குருவியின் கால் தரையிலும் இல்லை, இன்னொரு கம்பியிலும் இல்லை. நம் கால் தரையில் இருக்கிறது. மரத்தின் காலும் தரையில்தான் இருக்கிறது.

ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பியில் கிளை தொட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். ‘கிளை கம்பியைத் தொடவில்லையே’ என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கம்பி எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வெயில் ஏறினாலும், கம்பி வழியே அதிக மின்சாரம் ஓடினாலும் உலோகம் சூடாகி நீளும். நடுவில் தொய்வு கூடும். காற்றடித்தால் பக்கவாட்டில் ஆடும். காலை பத்து மணிக்கு நீங்கள் பார்த்த உயரம் கோடை மதியத்தில் இருக்காது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் பெருங்கம்பிகள் மூன்று, கீழே உயர்ந்து வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. முதலில் போன கம்பி தாங்கக்கூடிய அளவில் பாதியைக்கூட அப்போது சுமக்கவில்லை. மரம் அவ்வளவு உயர்ந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் நடந்த கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, அன்று மாலைக்குள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். அடுத்த மாதமே, செப்டம்பர் 28 அதிகாலையில், சுவிட்சர்லாந்தில் ஒரு 380 கிலோவோல்ட் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே மின்சாரம் பாய்ந்ததில் தொடங்கிய சங்கிலி கிட்டத்தட்ட இத்தாலி முழுவதையும் இருட்டாக்கியது. மரத்தையும் கம்பியையும் தள்ளி வைக்கும் விதிகள் கண்டிப்பானதற்கு இந்த மாதிரி நாட்கள்தான் காரணம்.

அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். இரும்புக் கோபுரங்கள் தாங்கிச் செல்லும் பெருங்கம்பிகளின் கீழும், அவற்றுக்கு இருபுறமும் ஒதுக்கியிருக்கும் பாதையிலும் மரம் நடாதீர்கள். எந்த மரமும் வேண்டாம். குட்டைப் பயிரோ புதரோ வைக்க நினைத்தாலும் கம்பிக்கு உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இரண்டாவது: தரையைப் படியுங்கள்

புதைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது என்றாலும் மேலே அடையாளம் விட்டிருக்கும். தண்ணீர் மீட்டர், வால்வுப் பெட்டி, மேன்ஹோல் மூடி, கேஸ் மீட்டர், தெருவோர இரும்புப் பெட்டிகள், கம்பத்தை ஒட்டிக் கீழே இறங்கி மண்ணுக்குள் மறையும் குழாய் எல்லாவற்றையும் உங்கள் தாளில் குறியுங்கள். ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் இடையே நேர்கோடு இழுத்தால் குழாய் போகும் பாதை பெரும்பாலும் பிடிபடும். தரையில் நீளவாக்கில் லேசாகத் தாழ்ந்த பள்ளம், தார்ச்சாலையில் ஒட்டுப்போட்ட பட்டை, புல் வேறு நிறத்தில் நிற்கும் கோடு இவையெல்லாம் எப்போதோ தோண்டி மூடியதன் தடயம்.

ஆனால் அடையாளம் இல்லை என்பதால் அடியில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கேபிள் இவ்வளவு ஆழத்தில்தான் இருக்கும் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். புதைத்தபோது ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்திருக்கும்; பிறகு மழையில் மண் அரித்திருக்கும், யாரோ தரையைச் சமன்செய்திருப்பார்கள். இப்போது அது ஒரு சாண் ஆழத்தில்கூட இருக்கலாம். உலோகம் காட்டும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கேஸ் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் அது காட்டாது.

மூன்றாவது: கேளுங்கள், காத்திருங்கள்

இந்த ஒரு வேலையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மின்சாரம், தண்ணீர், சாக்கடை, கேஸ், தொலைத்தொடர்பு இத்தனை பேரும் அந்த மண்ணுக்குள் எதையாவது புதைத்திருக்கலாம். சில நாடுகளில் ஒரே இடத்தில் சொன்னால் போதும். அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால், சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் ஆளனுப்பித் தரையில் குறியிட்டுக் கொடுக்கின்றன, வீட்டுக்காரருக்குச் செலவில்லை. ஆஸ்திரேலியாவிலும் தோண்டுமுன் வரைபடம் பெறும் இலவச சேவை உண்டு. இந்தியாவில் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி தொடங்கப்பட்டது. தோண்டுபவரையும் புதைத்து வைத்திருப்பவரையும் இணைப்பது அதன் வேலை. இப்படி எதுவும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கத்தான் வேண்டும். அலுப்பான வேலைதான். ஒரு கேஸ் குழாயில் கடப்பாரை இறங்கினால் வரும் நிலைமையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

தரையில் வண்ணக் குறி போடுவார்கள். அமெரிக்க வழக்கத்தில் சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் கேஸ், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. எல்லா நாட்டிலும் இதே நிறங்கள் இல்லை. குறி போட வருபவரிடமே எது எந்த நிறம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறி போட்ட கோடு மிகச் சரியாகக் குழாயின் மேலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் குறைந்தது 60 சென்டிமீட்டரை ஆபத்தான பகுதியாக விட்டுவிடுங்கள்.

மீட்டருக்கு இந்தப் பக்கம், அதாவது உங்கள் மனைக்குள் ஓடுபவற்றைப் பெரும்பாலும் அவர்கள் குறிப்பதில்லை. தோட்டத்து விளக்குக்குப் போட்ட கேபிள், மோட்டாருக்குப் போகும் ஒயர், மாடித் தொட்டிக் குழாய், செப்டிக் தொட்டிக்குப் போகும் குழாய் எல்லாம் உங்கள் பொறுப்பு. வீடு கட்டியவரையோ, ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனையோ, முன்பு குடியிருந்தவரையோ பிடித்துக் கேளுங்கள். பழைய ஆட்களின் ஞாபகம் பல சமயம் வரைபடத்தைவிடத் துல்லியமாக இருக்கும்.

நான்காவது: மரத்தைத் தரையில் வரைந்து பாருங்கள்

இது எனக்குப் பிடித்த வேலை. அரைமணி நேரம்கூட ஆகாது. நட நினைக்கும் மரம் முழுதாய் வளர்ந்தால் எவ்வளவு உயரம், தலை எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நர்சரியில் சொல்வதை மட்டும் கேட்காமல், அதே மரம் வயதாகி நிற்கும் ஓர் இடத்துக்குப் போய் நேரில் பாருங்கள். பிறகு உங்கள் இடத்தில் ஒரு குச்சி நட்டு, தலையின் அகலத்தில் பாதி நீளத்துக்குக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போடுங்கள். மரத்தின் நிழல் விழப்போகும் இடம் அதுதான். அந்த வட்டத்தின் விளிம்புக்கும், கம்பியிலிருந்து செங்குத்தாகத் தரைக்கு வரும் கோட்டுக்கும் இடையே குறைந்தது மூன்று மீட்டராவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையா, ஒன்று குச்சியைத் தள்ளுங்கள் அல்லது மரத்தை மாற்றுங்கள்.

கயிறு பிடிக்க நேரமில்லாதவருக்கு ஒரு தோராயக் கணக்கு. வளர்ந்தாலும் 6 மீட்டரைத் தாண்டாத சிறு மரங்களைத் தெருக்கம்பி பக்கத்தில் யோசிக்கலாம். 6 முதல் 12 மீட்டர் வரை வளர்பவை கம்பிக்கோட்டிலிருந்து 9 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதற்கு மேல் வளர்பவற்றுக்கு 15 மீட்டர். இன்னும் உயரமான மரமாக இருந்தால் அதன் முழு உயரத்தையே இடைவெளியாக விடுங்கள். வேரோடு சாய்ந்தாலும் கம்பியில் விழாது. உங்கள் ஊர் மின்சார அலுவலகம் வேறு அளவு சொன்னால் அவர்கள் சொல்வதே சரி.

மண்ணுக்கு அடியிலும் ஒரு மரம் வளர்கிறது. அதன் வடிவத்தைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்பது உண்மை இல்லை. பெரும்பாலான மரங்களின் வேரில் பெரும்பங்கு மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அகலத்திலோ மரத்தின் தலையையும் தாண்டி வெகுதூரம் போகிறது. குழாயும் கேபிளும் ஓடுவதும் அதே அடுக்கில்தான்.

வேர் குழாயை உடைக்கிறது என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. நல்ல நிலையில் உள்ள குழாயை வேர் துளைப்பது அரிது. பழைய மண்குழாயின் இணைப்பிலோ விரிசலிலோ ஈரம் கசிகிறது; அந்த ஈரத்தைத் தேடி முடி போன்ற வேர் நுழைகிறது; உள்ளே தண்ணீரும் சத்தும் கிடைத்ததும் பருத்துச் சடைபோலப் பின்னி அடைக்கிறது. ஆகவே மரம் நடுமுன் பழைய சாக்கடைக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது பெரிய உதவி. பெரிய மரம் புயலில் வேரோடு சாயும்போது ஆபத்து வேறு மாதிரி: வேரின் பிடியில் இருக்கும் குழாயும் கேபிளும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

சிறு மரங்களுக்குக் குழாயிலிருந்து 3 மீட்டர், பெரிய மரங்களுக்கு 6 மீட்டருக்குக் குறையாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல், அரசு, அத்தி வகைகளை இந்தக் கணக்கில்கூடச் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு வெட்டவெளியே வேண்டும். வேர்த்தடுப்புத் தகடு என்று கெட்டியான பிளாஸ்டிக் விற்கிறார்கள். 60 முதல் 90 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைத்து, மேல் விளிம்பு மண்ணுக்கு மேலே லேசாகத் தெரியும்படி வைப்பார்கள். பலன் உண்டு. ஆனால் சில வேர்கள் அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறிவிடும் என்பதால் இடைவெளிக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம்.

எதிர்த்திசையிலும் யோசியுங்கள். மரத்தின் கீழே கேபிள் இருந்தால் என்றாவது ஒருநாள் பழுது பார்க்கப் பள்ளம் தோண்டுவார்கள், வேர் அறுபடும். பிரிட்டனின் கட்டுமானத் தரநிலை ஒன்று, மரத்தின் தண்டு விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்தை வேருக்குரிய பாதுகாப்பு வட்டத்தின் ஆரமாகக் கொள்கிறது. தண்டு 40 சென்டிமீட்டர் பருமன் என்றால் 4.8 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பள்ளம் விழுந்தால் மரம் உடனே சாகாது. ஒரு பக்கப் பிடிமானம் போய்ச் சில வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

கம்பத்தைச் சுற்றிலும் ஆள் ஏறி வேலை பார்க்க இடம் விடுங்கள். கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கத் தரையோடு கட்டியிருக்கும் ஸ்டே கம்பியை ஒட்டி நடாதீர்கள். தரையில் பெட்டி போல வைத்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கதவுப் பக்கம் 3 மீட்டரும், மற்றப் பக்கங்களில் ஒரு மீட்டருக்குமேலும் காலியாக இருக்கட்டும். அழகு கருதிச் செடி வைத்து அதை மறைத்துவிடுகிறார்கள். அவசரத்தில் கதவைத் திறக்க வருபவர் முதலில் செடியை வெட்ட வேண்டியிருக்கும்.

ஐந்தாவது: எந்த மரம்

கம்பி பக்கத்தில் நிம்மதியாக வாழக்கூடியவை நிறைய இருக்கின்றன. நந்தியாவட்டை, செம்பருத்தி, மயில்கொன்றை, மருதாணி எல்லாம் பெரும்புதராகவே நின்றுவிடும். பவழமல்லி சற்று உயரும், அடக்கி வளர்க்கலாம். எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை கைக்கெட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைத்துக்கொள்ள ஏற்றவை.

புங்கை, சரக்கொன்றை போன்றவை இடைத்தரம் என்று நினைத்து நட்டுவிடுகிறார்கள். நல்ல மண்ணில் 12 மீட்டரைத் தாண்டிவிடும். வேம்பு, மா, புளி, நாவல், தேக்கு, சவுக்கு எல்லாம் கம்பியிலிருந்து தூரமாக இருக்க வேண்டிய பெருமரங்கள். தூங்குமூஞ்சி மரத்தில் உயரத்தைவிட அகலம்தான் கவலை. முருங்கையைச் சிறு மரம் என்று நம்ப வேண்டாம். வேகமாக உயரும், கிளை சட்டென முறியும்.

நெட்டிலிங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருக்கிறது, இடம் அடைக்காது என்று வேலியோரம் கம்பிக்கு நேர்கீழே வரிசையாக நடுகிறார்கள். அது வளர்வதே நேராக மேலே. கம்பிக்குக் கீழ் நடுவதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத மரம் குறைவு.

தென்னையும் பனையும் வேறு ரகம். மற்ற மரத்தில் ஒரு கிளையை வெட்டினால் இன்னொரு பக்கம் வளரும். தென்னைக்கு உச்சியில் ஒரே குருத்து. அதை வெட்டினால் மரமே போச்சு. வளைத்து வளர்க்கவும் வழியில்லை. மட்டை ஒவ்வொன்றும் நாலைந்து மீட்டர் நீளம். காற்றில் வீசும், காய்ந்தால் மொத்தமாகக் கழன்று விழும். ஆகவே மட்டை நீளத்தோடு இன்னும் சில மீட்டர் சேர்த்துத் தள்ளி வையுங்கள். மூங்கிலும் அப்படியே. சில பெரிய இனங்களின் முளை நல்ல பருவத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டர்கூட உயரும். வருடத்துக்கு ஒருமுறை வரும் கவாத்துக்கு அது காத்திருக்காது.

பழமரத்தை மட்டும் நான் கம்பியின் அருகில் வைக்கவே மாட்டேன். உயரம் பொருந்தினாலும் மாட்டேன், கைக்கு எட்டும் உயரத்தில் அடங்கும் எலுமிச்சை போன்றவை தவிர. காரணம் மரமல்ல, மனிதர். பழம் பழுத்தால் பிள்ளைகள் ஏறுவார்கள். பெரியவர்கள் தொரட்டி எடுத்து வருவார்கள். முன்பு மூங்கில் தொரட்டி. இப்போது இரும்புக் குழாயிலும் அலுமினியத்திலும் வந்துவிட்டது. அண்ணாந்து பழத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்குக் கம்பி தெரியாது. மூங்கிலும் ஈரமாக இருந்தால் காப்பாற்றாது.

ஆறாவது: குழி தோண்டுதல்

கன்றின் வேர்க்கட்டி, அதாவது வேரோடு சேர்ந்திருக்கும் மண்கட்டி, எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். அகலம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதற்கு மேல் ஆழம் தேவையில்லை. ஆழக் குழி தோண்டிக் கழுத்து வரை புதைப்பது மரத்துக்கும் கெடுதல். தண்டு விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும்.

இயந்திரம் வேண்டாம். கடப்பாரையை ஓங்கிக் குத்த வேண்டாம். கேபிளில் இறங்குவது பெரும்பாலும் கடப்பாரையின் கூர்முனைதான். உயரழுத்தக் கேபிள் அடிபட்டால் அதிர்ச்சி மட்டுமல்ல, தீப்பிழம்பே வெளியே வரும். மரப்பிடி போட்ட மண்வெட்டியால் மெல்லிய அடுக்குகளாக, சாய்வாகச் சீவி எடுங்கள். மண் இறுகியிருந்தால் முந்தின நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். செருப்பு இல்லாமல் குழியில் நிற்காதீர்கள்.

தோண்டும்போது வண்ண எச்சரிக்கை நாடாவோ, வரிசையாக அடுக்கிய செங்கல்லோ ஓடோ, சுற்றியுள்ள மண்ணுக்குப் பொருந்தாத ஆற்றுமணலோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கேபிள் புதைப்பவர்கள் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி, அதற்கும் மேலே நாடா போடுவது வழக்கம். உங்களுக்குக் கிடைத்த கடைசி எச்சரிக்கை அது. குழியை மூடிவிட்டு இடத்தை மாற்றுங்கள். உறையில் சின்னக் கீறல்தானே என்று மண் தள்ளி மறைத்துவிடாதீர்கள். கீறல் வழியே ஈரம் இறங்கிச் சில மாதம் கழித்துக் கேபிள் வெடிக்கும். கேபிளுக்கு உரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கன்றுக்கு ஊன்றுகோல் அடிக்கும்போதும், சுற்றிலும் வேலிக்கம்பு நடும்போதும் இதே கவனம் வேண்டும். குழியைப் பொறுமையாகத் தோண்டிவிட்டு, கூரிய இரும்புக் கோணத்தைச் சம்மட்டியால் முக்கால் மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்குபவர்கள் உண்டு. கன்றை மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவதும், ஸ்டே கம்பியில் கொடி ஏற்றுவதும் கூடவே கூடாது.

நட்ட பிறகு

முதல் மூன்று நான்கு வருடத்தில் செய்யும் சின்னக் கவாத்து பிற்பாடு வரும் பெரிய வெட்டைத் தவிர்க்கும். கம்பியை நோக்கிப் போகும் கிளையை விரல் பருமனில் இருக்கும்போதே, அது பிரியும் கணுவில் எடுத்துவிடுங்கள். மரம் தன் பலத்தை மற்றத் திசையில் போட்டுக்கொள்ளும். உச்சியை மொட்டையாக வெட்டுவது கவாத்து ஆகாது. வெட்டிய இடத்தில் பலவீனமான கொப்புகள் ஏராளமாகக் கிளம்பி முன்னைவிட வேகமாகக் கம்பிக்குப் போகும், காயம் வழியே அழுகலும் இறங்கும்.

நீங்களே கவாத்து செய்வது தரையில் நின்று கையில் எட்டும் கிளைகளுக்கு மட்டும். ஏணி, கத்தி கட்டிய கழி, நீங்கள், வெட்டுப்பட்டு விழும் கிளை இவற்றில் எதுவும் எந்தப் பக்கமும் கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரக்கூடாது. பெருங்கம்பி என்றால் தூரம் இன்னும் கூடும். ஏற்கெனவே கம்பியைத் தொட்டு நிற்கும் மரம் என்றால் கையே வைக்காதீர்கள். மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; மின்சாரத்தை நிறுத்தி, பயிற்சி பெற்றவர்கள் வெட்டட்டும். கிளை கம்பியை உரசும் இடத்தில் இலை கருகியிருப்பது, இரவில் பொறி தெரிவது, சிடுசிடு என்ற சத்தம் இவை அவசரமாகச் சொல்ல வேண்டிய அறிகுறிகள்.

கேஸ் குழாய் போகும் கோட்டில் மட்டும் செடிகள் காரணமில்லாமல் வாடினால் கசிவு என்று சந்தேகியுங்கள். கசியும் கேஸ் மண்ணிலிருக்கும் காற்றைத் தள்ளிவிடுவதால் வேர் மூச்சு முட்டிச் சாகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெகுதூரம் விலகி, அங்கிருந்து போன் செய்யுங்கள்.

அறுந்த கம்பியோ, கம்பியோடு சாய்ந்த மரமோ கிடந்தால் 10 மீட்டருக்குள் போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள். பொறி வராவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கலாம். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். அகலமாகக் காலெடுத்து வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வேறுபாடு உடலுக்குள் பாயும். ஏற்கெனவே பக்கத்தில் மாட்டிக்கொண்டால் பாதம் இரண்டையும் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். கம்பி மேலே விழுந்த வண்டிக்குள் இருந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு காலும் சேர்த்து வெளியே குதித்து, அதேபோலத் தேய்த்து நகருங்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கப் போனவரும் அடுத்த நிமிடம் விழுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். எவ்வளவு துடித்தாலும், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை தொடக்கூடாது.

முதலில் வரைந்தீர்களே, அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பி எங்கே, குழாய் எங்கே, கேபிள் எங்கே, கன்றை எந்தெந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டரில் வைத்தீர்கள், எந்தத் தேதியில், என்ன மரம் என்று எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். மரம் உங்களைவிட நெடுங்காலம் நிற்கும். பின்னால் அந்த இடத்தில் மண்வெட்டி எடுப்பவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.